கீழ் மூன்று கிலோமீற்றர்

எனக்கு வாய் அதிகம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சின்ன வயதிலேயே ராத்தா, என் மூத்த சகோதரி, சொல்வாள், "உனக்கு அல்லாஹ் மூளையையும் தந்து, அதக் கெடுக்கிறதுக்கு ஒரு வாயையும் தந்திரிக்கான்" என்று. அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை எழுதத் தொடங்கினேன். என்னை நல்லவளாகக் காட்டுகிற வசனங்கள் தானாக வந்து விழுந்தன. இரண்டையும் அழித்துவிட்டேன்.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த குற்றம் விளங்காது. நாம் எங்கே நிற்கிறோம் என்று போன் காட்டுகிறதே, அதற்கு வழி சொல்லும் செய்மதிகள் மிக உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். லொறிகளிலும் ட்ரோன்களிலும் பூட்டுகிற மலிவான சாமான். அதைக் கொஞ்சம் திருத்தி, ஒரு பாண் ரொட்டி அளவான குட்டிச் செய்மதிக்குள் வைத்து மேலே அனுப்பினார்கள். வழி சொல்லும் செய்மதி ஒன்று பூமியின் விளிம்புக்குப் பின்னால் மறைகிற நேரத்தில், அதன் சிக்னல் எங்கள் காற்றை ஊடுருவிக்கொண்டுதான் குட்டிச் செய்மதிக்கு வந்து சேரும். தண்ணீர்த் தொட்டிக்குள் விட்ட தடி வளைந்து தெரிவது போல, காற்றுக்குள் வந்த சிக்னலும் கொஞ்சம் வளையும். எவ்வளவு வளைந்தது என்று தெரிந்தால் எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போடலாம். பெரிய நாடுகள் பெரிய சாமான் வைத்துச் செய்கிற இந்த வேலையை மலிவுச் சாமானால் செய்யலாமா என்று பார்ப்பதற்கு வெளிநாட்டில் ஒரு குழு இருந்தது. நான் அங்கே படித்துவிட்டு வந்து, கல்முனையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தபடியே அந்தக் குழுவுக்கு வேலை செய்தேன். இறங்கி வருகிற தரவுகளைக் கோடுகளாக வரைந்து கொடுப்பது என் பங்கு.

மலிவுச் சாமானுக்கு ஒரு வியாதி இருந்தது. மேல் காற்றில் அருமையாக வேலை செய்யும். கீழே வர வர, எங்கள் பக்கத்து ஈரக் காற்றுக்குள் சிக்னல் சிதறிப்போகும். ரிசீவர் அதைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் கைவிட்டுவிடும். அநேகமான நாட்களில் தரையிலிருந்து மூன்று கிலோமீற்றர் உயரத்திலேயே கோடு அறுந்துவிடும். ஆனால் மழைக்கு வேண்டிய ஈரத்தில் பெரும் பகுதி அந்த மூன்று கிலோமீற்றருக்குள்தான் கிடக்கிறது. அந்த இடத்தை நிரப்ப, அந்த மாதத்தில் காற்று வழக்கமாக எப்படி இருக்கும் என்ற சராசரியை எடுத்து எங்கள் புரோகிராம் கீழே ஒட்டிவிடும். அளந்த பகுதியை முழுக் கோடாகவும் ஒட்டிய பகுதியைப் புள்ளிக் கோடாகவும் வரையவேண்டும். ஒரு கூட்டத்தில் காட்டுவதற்காக நான் புள்ளிகளை எடுத்துவிட்டு, மேலிருந்து கீழ் வரை ஒரே நீலக் கோடாக வரைந்தேன். பார்க்க வடிவாக இருந்தது. கூட்டம் முடிந்த பிறகும் அதை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

இனி மச்சானைப் பற்றி. ராத்தாவைக் கலியாணம் முடித்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு எனக்குக் கேள்வி கேட்க ஆளாக இருந்தவர் அவர்தான். அவர் கேள்வி கேட்டதே இல்லை என்பது வேறு கதை. எனக்கு வெளிநாட்டுப் படிப்புக் கிடைத்தபோது சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து, "குமர்ப் புள்ளையத் தனிய அனுப்பப் போறீங்களா? ஊர் என்ன கதைக்கும்?" என்று கேட்டார்கள். மச்சான் கதிரையில் இருந்து எழும்பாமலே, "ஊர் ஒவ்வொரு நாளும் என்னத்தையாவது கதைக்கிறதுதானே. இவள் படிச்சிட்டு வரட்டும்" என்றார். அதோடு முடிந்தது. நான் திரும்பி வந்த பிறகு, "எங்கட புள்ள வானத்துக்குள்ள பூந்து பாத்துட்டு வரும்" என்று தேத்தண்ணிக் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் சொல்லித் திரிந்தார். அப்படி இல்லை மச்சான் என்று நான் ஒரு நாளும் திருத்தவில்லை. கேட்க இனிமையாக இருந்தது.

அது மாசி மாதம். மாரி மழைக்கு விதைத்த நெல் வெள்ளாமை, வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகள் எங்கும் பழுத்துக் கிடந்தது. மச்சானின் ஐந்து ஏக்கர் சவளக்கடைப் பக்கம். எங்கள் வீட்டின் ஒரு வருடச் சோறும் மற்ற எல்லாமும் அந்தக் காணிதான். அந்த வட்டைக்குள் வெட்டு மெஷின் இறங்குவதற்கு முன் சீட்டுக் குலுக்கி முறை போடுவார்கள். உங்கள் முறையை விட்டால் நீங்கள் கடைசி. மச்சானுக்கு வியாழக்கிழமை விழுந்தது. பக்கத்துக் காணிக்காரர் பாண்டிருப்பு ஆள், மச்சான் அவரை அண்ணன் என்பார். அவருக்குக் கடைசி முறை, திங்கட்கிழமை. ஆனால் அண்ணனின் நெல் முற்றி உதிரத் தொடங்கியிருந்தது. மச்சானின் கதிர்களிலோ அடிப்பக்கம் இன்னும் பச்சை. நாலு நாள் வெயில் கிடைக்குமென்றால் முறையை மாற்றிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. மழை வந்தால் பிந்தி வெட்டுகிறவர் பாடு அம்போதான்.

புதன்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் மூன்று பேரும் எங்கள் வீட்டு மண்டபத்தில் வந்து இருந்தார்கள். மச்சான், பாண்டிருப்பு அண்ணன், வட்டைக்குப் பொறுப்பான விதானையார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"றேடியோவில மழைக்கு இடமிரிக்கு எண்டுதான் சொல்றான்," என்றார் விதானையார்.

"இரிங்க, எங்கட புள்ளைக்கிட்டக் கேப்பம்," என்றார் மச்சான். "புள்ள! அந்தக் கோட்டுப் படத்தக் கொண்டு வா."

நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு லெப்டொப்போடு போனேன். ஆண்கள் கூடி இருக்கிற மண்டபத்துக்கு ஒரு விஷயத்தில் என் அபிப்பிராயம் கேட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்று இறங்கிய தரவில் எங்கள் ஊருக்கு ஓரளவு கிட்ட இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கரையிலிருந்து வெகு தூரம் கிழக்கே, நடுக் கடலுக்கு மேலே எடுத்தது. நீலக் கோட்டைத் திறந்து காட்டினேன். மச்சான் கோட்டின் மேல் முனையில் விரலை வைத்தார்.

"இது?"

"அது பிளேன் போறதுக்கும் மேல, மச்சான்."

விரல் கோட்டோடு மெதுவாக இறங்கிக் கீழ் முனையில் நின்றது. "அப்ப இந்த அடி? இதுதான் நம்முட வட்டையா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது சின்னப் பதில். அது கடலுக்கு மேல, மச்சான். அந்த அடிப்பக்கம் அளந்ததும் இல்ல, சும்மா ஒட்டினது. இத வெச்சி மழை சொல்ல ஏலாது. இவ்வளவுதான். வாயைத் திறந்தேன், அதைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றைக்கும் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன். அதற்குள் விதானையார் சிரித்தார்.

"கொழும்பில படிச்ச ஆக்கள் மழை எண்டு சொல்றாங்க. இவ குசினிக்குள்ள இரிந்து இல்லயெண்டு சொல்லப் போறாவாக்கும்!"

பகிடிக்குத்தான் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எனக்குக் காது சுட்டது. எத்தனை வருடம் படித்தேன், எத்தனை பேரின் கதையைத் தாங்கினேன், இன்னும் குசினியா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"ஓம் மச்சான், அதுதான் நம்முட வட்டை," என்றேன். "கீழ நல்லாக் காஞ்சி கிடக்கு. திங்கள் வரைக்கும் ஒரு துளி விழாது. றேடியோக்காரனுக்கு என்ன தெரியும்?"

மச்சான் விதானையாரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா?" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. பாண்டிருப்பு அண்ணனின் தோளில் தட்டி, "நீங்க வியாழன் வெட்டுங்க அண்ணன். நான் திங்கள் பாத்துக்கிறன்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும்.

நான் பிழையாக விளங்கிக்கொண்டு சொன்னேன் என்றால் இதை எழுதவே தேவையில்லை. எனக்கு எல்லாம் தெரியும். அந்த அடிப்பக்கம் யாருடைய வட்டையும் இல்லை, எந்தச் சிக்னலும் தொடாத வெற்றிடம் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓம் என்றேன்.

வியாழக்கிழமை மெஷின் அண்ணனின் காணியை வெட்டி முடித்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு வருவதற்குள் மழை தொடங்கிவிட்டது. கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்த ராத்தா என்னைப் பார்த்தாள்.

"சும்மா தூறல் ராத்தா, நிண்டுடும்," என்றேன். அந்த நேரத்திலும் வாய் அடங்கவில்லை, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் அடித்து ஊற்றியது. நானும் ராத்தாவும் ஓட்டோ பிடித்து வட்டைக்குப் போனோம். ஐந்து ஏக்கரும் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தது. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, கதிர்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கி வரம்பில் சாத்திக்கொண்டிருந்தார். ஐந்து ஏக்கரை இரண்டு கையால் தூக்கி முடிக்கலாமா? அது அவருக்கும் தெரியும். சும்மா நிற்க முடியாமல்தான் தூக்கினார். மெஷின் அந்தச் சேற்றுக்குள் இறங்காமலே திரும்பிப் போனது. நாலைந்து நாளில் நெல் கதிரிலேயே முளை விட்டது. அதில் தப்பிய கொஞ்சத்தைக் கோழிக்குப் போடத்தான் முடிந்தது.

விதானையாரும் வரம்பில் நின்றார். என்னைக் குத்திக் காட்டுவார் என்று பயந்தேன். அவர், "அல்லாஹ்ட நாட்டம். மனிசரால என்ன செய்ய ஏலும்?" என்றார். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அப்பாடா என்று எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நான் சொன்ன பொய்யைக் கொண்டுபோய் அல்லாஹ்வின் கணக்கில் போட்டுவிட்டு அங்கே நின்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு கிழமை கழித்துப் பாண்டிருப்பு அண்ணன் புது அரிசி ஒரு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைத்தான் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க அண்டைக்கு அப்படிச் சொன்னதாலதான் என்ட வெள்ளாமை தப்பிச்சி. இது உங்களுக்கு," என்றார். சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு என்ன குற்றம், அவர் ஏன் குனிய வேண்டும்?

"வாங்கு புள்ள, மனிசன் ஆசையாக் கொண்டந்திரிக்கார்," என்றார் மச்சான்.

வாங்கினேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் முதன் முதலாகக் கடையில் அரிசி வாங்க வேண்டி வந்தது. அதற்கு முன் அந்த மூட்டையைத்தான் சமைத்தோம். மச்சான் வேறொருவரின் நெல் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். சொந்தக் காணி வைத்திருக்கிற மனிதன். பின்னேரம் வந்து, தோள் நோகுது என்று ராத்தாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார். அவர் முன்னால் இருந்து அந்தச் சோற்றைத் தின்ற எனக்கு ஒரு நாளும் தொண்டையில் சிக்கவில்லை. பசித்தது, தின்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. எங்கள் ரிசீவர் எங்கே நல்லது, எங்கே மோசம் என்று. நான் எழுதினேன்: ஈரமான வெப்பவலயப் பகுதிகளில் கீழ் மூன்று கிலோமீற்றரில் எங்கள் கோட்டை நம்பக் கூடாது, அந்தப் பகுதி அளவீடு அல்ல. ஒரே வசனம். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் தெரியாத வெள்ளைக்காரர்களுக்கு அவ்வளவு லேசாக உண்மை சொல்ல முடிந்த எனக்கு, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மச்சானுக்குச் சொல்ல வாய் வரவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே எழுந்து போனேன். காலை நேரம். மச்சான் மில்லுக்குப் போக முன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ராத்தா பக்கத்தில் இருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடலுக்கு மேலே எடுத்தது, கோடு அறுந்தது, ஒட்டியது, புள்ளிகளை எடுத்தது. ராத்தாவுக்குக் கணக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது.

"அப்ப நீ தெரிஞ்சிக்கிட்டா சொன்ன?" என்றாள்.

"ஓம்."

"என்ட றப்பே! இந்த மனிசன்ட தோளப் பாத்தியாகா நீ? வெக்கமில்லாம இவ்வளவு நாளும் எங்களோட இரிந்து தின்டிரிக்காயே!" அவள் அடிக்கக் கை ஓங்கினாள். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மச்சான் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "அண்டைக்கு, புதன் விடிய சுபஹு தொழப் போகக்குள்ள கடல் வடக்கால இரைஞ்சது புள்ள," என்றார். "வாப்பா காலத்துல இரிந்து நான் கேட்ட இரைச்சல். மழை எண்டு எனக்குத் தெரிஞ்சது. நீ தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிந்தா, நான் வியாழனே வெட்டியிரிப்பன். படிச்ச புள்ள சொல்லுது, நம்முட காது பிழையாக்கும் எண்டு விட்டுட்டன்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். அவர் என்னை நம்பித் தன் காதை நம்பாமல் விட்டார் என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. வெள்ளாமையை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்கப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகை யாருக்கு என்ன பிரயோசனம், சொல்லுங்கள்.

பிறகு மச்சான் பழையபடியே இருந்தார். சாப்பிட்டியா என்று கேட்பார், லெப்டொப்புக்கு வயர் வாங்கி வந்து தருவார். தேத்தண்ணிக் கடையில் என்னைப் பற்றிப் பெருமை கதைப்பது மட்டும் நின்றுவிட்டது. நான் என் படங்களில் புள்ளிக் கோட்டைத் திரும்பப் போட்டேன். அடுத்த மாரிக்குள் எங்கள் குழு அந்த வியாதிக்கு ஒரு மருந்தும் கண்டுபிடித்தது. சிக்னலைத் துரத்திப் பிடிக்கிறதை விட்டுவிட்டு, அது எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து அந்த இடத்தில் கிடைப்பதை அப்படியே பதிந்து எடுக்கும்படி மேலே இருந்த ரிசீவரின் மென்பொருளை மாற்றினார்கள். சாமான் அதேதான். கோடு கிட்டத்தட்டத் தரை வரைக்கும் இறங்கி வந்தது.

அடுத்த மாசியில் மச்சானின் முறைக்கு முதல் நாள், எங்கள் கரைக்கு நேர் மேலேயே ஒரு கோடு விழுந்தது. புள்ளி ஒன்றும் இல்லாமல் நிஜமாக அளந்த கோடு. கீழே காற்று காய்ந்து கிடந்தது. ஆனாலும் இந்த முறை நான் துள்ளவில்லை. றேடியோவைக் கேட்டேன், அவர்களும் மழையில்லை என்றார்கள். அந்தப் போகமும் மச்சானின் கதிரில் அடிப்பக்கம் பச்சை. மூன்று நான்கு நாள் பிந்தி வெட்டினால் நெல் நன்றாக முற்றும், மாற்றிக்கொள்ள ஆளும் இருந்தது. நான் மச்சானிடம் போய்ச் சொன்னேன்.

"மச்சான், ஒரு கோட்ட வெச்சி மழை சொல்ல ஏலாதுதான். ஆனா இது கீழ வரைக்கும் உண்மையா அளந்தது. றேடியோவும் அதத்தான் சொல்லுது. இன்னம் நாலு நாள் பொறுக்கலாம்."

"ஓம் புள்ள, நல்லம்," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த நாள் விடியவே போய் ஐந்து ஏக்கரையும் வெட்டிவிட்டார்.

நாலு நாளும் ஒரு முகில் இல்லை. வெட்டியதில் பாதி பச்சை நெல். மில்காரர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் பதர் அதிகம் என்று திருப்பி அனுப்பினார். மச்சான் றோட்டோரம் படங்கு விரித்து, அதைக் கொட்டிக் காயப்போட்டார். உச்சி வெயிலில் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது வெறுங்காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.

"நல்ல வெயில் புள்ள," என்றார். "நீ சொன்ன மாதிரியே எறிக்குது."

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.